பட்டமளிப்பு மேடையும் அதற்குச் செல்லும் வழியும்: கொழும்புத் தமிழ் மாணவர் வரலாற்றில் ஒரு நோக்கு

உயர்கல்வி நிறுவனங்கள் நடத்தும் சடங்குகளுள் பட்டமளிப்பு விழாவைப் போலப் பொதுமக்களின் உள்ளத்தைக் கவர்வது வேறொன்றில்லை. அங்கி அணிந்த இளைஞர் வரிசையாக நிற்கின்றனர். பெயர்கள் ஒவ்வொன்றாக வாசிக்கப்படுகின்றன. பெயருக்குரியவர் மேடையேறி வேந்தர் முன் தலை வணங்கிப் பட்டம் பெற்று இறங்குகின்றார். கணப்பொழுதில் முடிந்துவிடும் இக்காட்சியைக் காண்பதற்காகப் பெற்றோர் இரவுப் புகைவண்டியேறித் தொலைவான ஊர்களிலிருந்து வந்து மண்டபத்தில் மணிக்கணக்கிற் காத்திருப்பர். குடும்பத்தில் முதன்முதலாகப் பட்டம் பெறும் பிள்ளையாயின், அந்த ஒரு கணம் மூன்று தலைமுறைகளின் உழைப்புக்கு ஈடாக மதிக்கப்படுவதும் உண்டு.

எனினும், மேடையில் வாசிக்கப்படும் பெயர்ப்பட்டியலுக்கு அப்பால் வாசிக்கப்படாத பட்டியல் ஒன்றும் உளது. படிப்பைத் தொடங்கி முடிக்காது விட்டவர்களின் பட்டியல் அது. கல்வி வரலாற்றை எழுதுவோர் பல்கலைக்கழகத்துள் எவர் நுழைந்தனர், எவர் நுழைய முடியாது போயினர் என்பதைப் பெரிதும் ஆராய்ந்துள்ளனர். நுழைந்தவர் எவ்வாறு முடித்தனர், எவை அவர்களுக்குத் துணை நின்றன என்னும் வினா அத்துணை ஆராயப்பட்டதன்று. கொழும்பு நகரையும் அதனைச் சார்ந்த வெள்ளவத்தை, கொட்டாஞ்சேனை, கொலன்னாவை முதலிய பகுதிகளையும் களமாகக் கொண்டு நோக்குமிடத்து, இவ்வினாவுக்கு வரலாறு தெளிவான விடையொன்றைத் தருகின்றது. மாணவனின் திறமையும் முயற்சியும் இன்றியமையாதனவே. ஆயினும் அவை மட்டும் எக்காலத்தும் போதுமாயிருந்ததில்லை என்பதே அவ்விடையாகும்.

விழாவின் தோற்றம்

பட்டமளிப்பு விழாவின் வேர்கள் இடைக்கால ஐரோப்பாவில் உள்ளன. பொலோஞா, பாரிஸ், ஒக்ஸ்போட் ஆகிய பழம்பெரும் பல்கலைக்கழகங்கள் ஆசிரியரும் மாணவரும் சேர்ந்த கூட்டுக்களாகத் தோன்றியவை. அங்கு பட்டம் என்பது கற்பிப்பதற்கு வழங்கப்பட்ட உரிமமாகும். பட்டம் பெற்றவர் ஆசிரியர் கூட்டத்துள் ஒருவராக ஏற்கப்பட்டார். அக்காலக் கல்விமான்கள் பெரும்பாலும் திருச்சபையைச் சார்ந்தோராகையால் குருமாரின் நீண்ட அங்கியே அவர்தம் உடையாயிற்று. குளிர் தாங்கும் பொருட்டு அணியப்பட்ட தலைமூடியும் காலப்போக்கிற் தோளிலே தொங்கும் அடையாள ஆடையாக மாறிற்று. அமெரிக்கப் பல்கலைக்கழகங்களில் இவ்விழா இன்றும் 'தொடக்கம்' எனப் பொருள்படும் சொல்லாலேயே வழங்கப்படுகின்றது. படிப்பின் முடிவைக் குறிக்கும் நாளைப் பணியின் தொடக்கம் எனக் கொண்ட பழைய மரபின் எச்சம் இதுவாகும்.

தமிழ் மரபில் இதனோடு ஒப்பிடத்தக்கது அரங்கேற்றம். புலவர் தாம் இயற்றிய நூலை அவையின் முன் படித்துப் பொருள் கூறி, எழும் தடைகளுக்கு விடையளித்து ஒப்புதல் பெறுவர். இரண்டிற்குமிடையே ஒரு வேறுபாடு நினைவிற் கொள்ளத்தக்கது. அரங்கேற்றத்திலே புலமையே அவையினர் கண்முன் நிற்கின்றது. பட்டமளிப்பு விழாவிலோ புலமை காணப்படுவதில்லை. அது முன்னரே பரீட்சை மண்டபத்தின் மௌனத்தில் நிறுவப்பட்டுவிட்டது. விழா அதனை அறிவிப்பதோடு அமைகின்றது. ஆகவேதான், விழாவை மட்டும் பார்ப்பவர் அதற்குப் பின்னேயுள்ள ஆண்டுகளை அறியார்.

இலங்கையில் இவ்விழா உள்ளூர்க் கோலம் பூண்டுள்ளது. குத்துவிளக்கு ஏற்றப்படுகின்றது; தென்னிலங்கைப் பல்கலைக்கழகங்களிற் கண்டிய மேளமும் நடனமும் ஊர்வலத்தின் முன் செல்கின்றன. கொழும்பில் 1973ஆம் ஆண்டு திறக்கப்பட்ட பண்டாரநாயக்க ஞாபகார்த்த சர்வதேச மாநாட்டு மண்டபம் பல பட்டமளிப்பு விழாக்களின் களமாக விளங்கி வருகின்றது. ஆனால், இத்தீவில் முதன்முதற் பட்டம் பெற்றவர்களுக்கு இத்தகைய மண்டபமோ மேளமோ வாய்க்கவில்லை. அவர்களுக்குத் தம் நாட்டில் ஒரு பல்கலைக்கழகமே இருந்ததில்லை.

பல்கலைக்கழகம் இல்லாத நாட்டின் பட்டதாரிகள்

சென்னைப் பல்கலைக்கழகம் 1857ஆம் ஆண்டு செப்டெம்பர் 5ஆந் திகதி நிறுவப்பெற்றது. அதன் முதலாவது கலைமாணித் தேர்விற் சித்தியெய்தியோர் இருவர்; இருவரும் யாழ்ப்பாணத்தவர். ஒருவர் கறல் விசுவநாதபிள்ளை; மற்றவர் சி. வை. தாமோதரம்பிள்ளை. பின்னாளில் வீரசோழியம், கலித்தொகை முதலாம் நூல்களைப் பதிப்பித்துத் தமிழ்ப் பதிப்புலகின் முன்னோடியாக விளங்கிய தாமோதரம்பிள்ளை இவரே. இச்செய்தி பெருமையோடு அடிக்கடி கூறப்படுவது. ஆனால், பல்கலைக்கழகம் தோன்றிய உடனேயே இருவர் பட்டம் பெறுவது எங்ஙனம் இயன்றது என்பது அத்துணை கூறப்படுவதில்லை.

இருவரும் வட்டுக்கோட்டைச் செமினரியில் உருவானவர்கள். அமெரிக்க மிஷனரிமார் 1823இல் நிறுவிய அந்நிறுவனம் கல்லூரியாக அமைய எண்ணப்பட்டது. பிரித்தானிய ஆட்சி அமெரிக்கருக்கு அதற்கான உரிமையை வழங்க மறுத்தமையாற் பட்டம் வழங்கும் தகுதி அதற்குக் கிட்டவில்லை. எனினும், கல்வியைப் பொறுத்தவரை அங்கு குறைவிருக்கவில்லை. கணிதம், வானியல், மெய்யியல், ஆங்கிலம், தமிழ் என்பன கற்பிக்கப்பட்டன. மாணவர் அங்கேயே தங்கிக் கற்றனர். உணவுக்கும் உறைவிடத்துக்குமான செலவை அமெரிக்காவிலிருந்த கொடையாளர் பலர் ஏற்றனர். மாணவர் சிலர் பெயரோடு ஒட்டிய ஆங்கிலப் பெயர்கள் அக்கொடையாளரின் நினைவாக வந்தவையே. உறைவிடம், உணவு, அருகிலேயே ஆசிரியர், தாய்மொழியிலும் பிறமொழியிலும் பயிற்சி ஆகிய நான்கும் ஓரிடத்தில் ஒருங்கே அமைந்திருந்தன. செமினரி 1855இல் மூடப்பட்டது. இரண்டாண்டுகளின் பின் சென்னையிலே தேர்வு என்னும் வாயில் திறந்தபோது அதனுள் நுழைய ஆயத்தமாயிருந்தோர் அதன் பழைய மாணவரே. பட்டம் சென்னையுடையது, பட்டதாரியை ஆக்கியது வட்டுக்கோட்டை.

தலைநகராகிய கொழும்பிலும் அக்காலத்தில் நிலைமை இதுவே. கொழும்பு அக்கடமியோடு தொடர்புற்ற குவீன்ஸ் கல்லூரி 1859இற் கல்கத்தாப் பல்கலைக்கழகத்துடன் இணைக்கப்பட்டது. மருத்துவப் பாடசாலை 1870இல் தொடங்கப்பட்டது. சிறந்த மாணவர் சிலருக்கு இங்கிலாந்து சென்று கற்க அரசாங்கப் புலமைப்பரிசில் கிட்டியது. அத்தகைய பரிசில் பெற்றுக் கேம்பிறிஜ் சென்றவர்களுள் பொன்னம்பலம் அருணாசலம் ஒருவர். அவர் 1875இல் இலங்கைச் சிவில் சேவைக்குத் திறந்த போட்டித் தேர்வின் வழி தெரிவான முதல் இலங்கையர் ஆனார்.

ஏனையோருக்கு எஞ்சியிருந்த வழி இலண்டன் பல்கலைக்கழகத்தின் வெளிவாரித் தேர்வுகளாகும். கல்லூரிக்குச் செல்லாமலே தேர்வெழுதலாம் என்னும் விதியை இலண்டன் 1858இல் ஏற்றுக்கொண்டமை குடியேற்ற நாடுகளின் இளைஞருக்குப் பெருங்கதவொன்றைத் திறந்தது. 1878இல் அப்பல்கலைக்கழகம் தன் பட்டங்களைப் பெண்களுக்கும் உரியதாக்கிற்று. ஆனால், இவ்வழியிற் சென்ற இலங்கையர் பலருக்குப் பட்டமளிப்பு விழா என்பதே கிடையாது. இலண்டனுக்குக் கப்பலேற வசதியற்றவருக்கு விழா பிறர் வாயாற் கேட்டறியும் செய்தியாகவே இருந்தது. அவர்கள் விழாவின்றியே பட்டதாரிகளாயினர்.

அருணாசலம் கண்ட குறையும் விபுலாநந்தர் கடந்த வழியும்

வெளிவாரி முறையின் குறையை முதலில் உரக்க எடுத்துரைத்தோருள் அருணாசலம் முதன்மையானவர். தாம் கேம்பிறிஜின் உறைவிட வாழ்வையும் ஆசிரியர் தொடர்பையும் அனுபவித்தவராதலின், தபாலில் வரும் பாடத்திட்டத்தை நம்பித் தனிமையிற் படிக்கும் இளைஞனின் நிலையை அவர் நன்குணர்ந்தார். 1906ஆம் ஆண்டு இலங்கைப் பல்கலைக்கழகச் சங்கம் அமைக்கப்பட்டபோது அதன் தலைமை அவரிடம் வந்தது. சொந்த மொழிகளையும் வரலாற்றையும் புறக்கணித்து, கடல் கடந்த தேர்வாளரின் விருப்புக்கேற்ப மனனம் செய்வதே கல்வியென ஆகிவிட்டது என்பது அவரும் அவரைச் சார்ந்தோரும் எழுப்பிய முறைப்பாடாகும். பதினைந்து ஆண்டுகளின் பின்னர், 1921 ஜனவரியிலே கொழும்பு தேர்ஸ்டன் வீதியிற் பல்கலைக்கழகக் கல்லூரி திறக்கப்பட்டது. அருணாசலம் 1924 ஜனவரியிற் காலமாகுமுன் அதனைக் கண்ணாரக் கண்டார்.

எனினும், கல்லூரி திறக்கப்பட்டபோதும் பட்டம் இலண்டனுடையதாகவே இருந்தது. விரிவுரை கொழும்பில், விடைத்தாளைத் திருத்தியோர் இலண்டனில். ஆயினும், மாணவருக்கு ஒரு கூரையும், நூலகமும், உடன்கற்போரும், ஆசிரியரும் கிடைத்தனர் என்பது சிறிய மாற்றமன்று.

வெளிவாரி வழியை அதன் கடுமையோடு கடந்தவர்களுக்குச் சிறந்த எடுத்துக்காட்டு சுவாமி விபுலாநந்தர். காரைதீவில் 1892இற் பிறந்த மயில்வாகனன், கொழும்பில் ஆசிரியப் பயிற்சி பெற்றார். பின்னர் கொழும்புத் தொழில்நுட்பக் கல்லூரியில் விஞ்ஞானத்தில் டிப்ளோமாப் பெற்றார். 1916இல் மதுரைத் தமிழ்ச் சங்கத்துப் பண்டிதர் தேர்விற் சித்தியெய்தினார். ஆசிரியராகப் பணியாற்றிக்கொண்டே 1920இல் இலண்டன் விஞ்ஞானமாணிப் பட்டத்தைப் பெற்றார். பண்டிதர் பட்டமும் விஞ்ஞானமாணிப் பட்டமும் நான்கு ஆண்டு இடைவெளியில் ஒருவரிடத்தே கூடியமை வியப்புக்குரியதே. ஆனால், அவர் ஏறிய படிகளை நோக்கின் வியப்பின் ஒரு பகுதி விளக்கம் பெறுகின்றது. ஆசிரியப் பயிற்சி, டிப்ளோமா, பண்டிதர், விஞ்ஞானமாணி என அவர் பாதை படிப்படியாக அமைந்தது. ஒவ்வொரு படியிலும் ஒரு சான்றிதழ். ஒவ்வொரு சான்றிதழும் தொழிலுக்கு உதவுவது. தொழில் அடுத்த படிக்கு வேண்டிய பொருளைத் தருவது. பாதியில் நின்றிருப்பினும் அவர் வெறுங்கையோடு நின்றிருக்கமாட்டார். இலண்டன் தேர்வுகளும் புகுமுகம், இடைநிலை, இறுதிநிலை எனப் படிமுறையாகவே அமைந்திருந்தன. யாழ்ப்பாணத்து ஆரிய திராவிட பாஷாபிவிருத்திச் சங்கம் நடத்திய பிரவேச பண்டிதர், பால பண்டிதர், பண்டிதர் தேர்வுகளும் அவ்வமைப்பின. எட்டக்கூடிய உயரத்திற் படிகளை அமைத்தல் ஏறுபவனுக்குச் செய்யும் முதலுதவி என்பதைப் பழைய கல்வியாளர் அறிந்திருந்தனர்.

உறைவிடமும் இலவசக் கல்வியும்

1942ஆம் ஆண்டு யூலை முதலாந் திகதி, பல்கலைக்கழகக் கல்லூரியும் மருத்துவக் கல்லூரியும் இணைந்து இலங்கைப் பல்கலைக்கழகம் உதயமாயிற்று. ஐவர் ஜெனிங்ஸ் முதலாவது உபவேந்தரானார். அடுத்த ஆண்டில் விபுலாநந்தர் அதன் முதலாவது தமிழ்ப் பேராசிரியராக அமர்ந்தார். விழாக் காணாது பட்டம் பெற்ற தலைமுறையைச் சேர்ந்த ஒருவர், இனி இந்நாட்டிலேயே பட்டம் பெறப்போகும் மாணவருக்கு ஆசானாக வந்தமை வரலாற்றின் அழகிய பொருத்தங்களுள் ஒன்று எனலாம்.

மூன்றாண்டுகளின் பின், 1945இற் கல்வி அமைச்சர் சி. டபிள்யூ. டபிள்யூ. கன்னங்கராவின் முயற்சியால் இலவசக் கல்வித் திட்டம் நடைமுறைக்கு வந்தது. பாலர் வகுப்பு முதற் பல்கலைக்கழகம் வரை கட்டணமின்றிக் கற்கும் உரிமை, அதுவரை உயர்கல்வியை எண்ணியும் பாராத குடும்பங்களின் பிள்ளைகளை அதன் வாயிலுக்குக் கொணர்ந்தது. ஆனால், கட்டணம் நீங்கினமையாற் செலவு நீங்கிவிடவில்லை. கட்டணமற்ற கல்வியிலும் மாணவன் உண்ண வேண்டும், உறங்க வேண்டும், நூல் வாங்க வேண்டும்.

இதனை ஓரளவு நிறைவு செய்தது பேராதனையின் உறைவிட அமைப்பாகும். 1952இற் பல்கலைக்கழகத்தின் பெரும்பகுதி மகாவலிக் கரைக்கு இடம்பெயர்ந்தது. அருணாசலம் மண்டபம், இராமநாதன் மண்டபம், சங்கமித்தா மண்டபம் முதலிய விடுதிகளிற் பல இன, பல ஊர் மாணவர் ஒருங்கு வாழ்ந்தனர். பல்கலைக்கழகம் கேட்டுப் போராடியவரின் பெயரைத் தாங்கிய கூரையின்கீழ் அவர் கனவு கண்ட வாழ்வே நடைபெற்றது. தமிழ்ச் சங்கம், நாடகம், விவாதம், சஞ்சிகை என்பன அவ்வாழ்வின் கிளைகள். இவற்றைப் படிப்புக்கு இடையூறாகக் கருதியோரும் உளர். ஆனால், மாணவர் பல்கலைக்கழகத்தை விட்டு நீங்குவதன் காரணங்களை 1975இல் ஆராய்ந்த அமெரிக்கக் கல்வியாளர் வின்சன்ட் டின்டோ, கல்வி வாழ்வோடும் நிறுவனத்தின் சமூக வாழ்வோடும் ஒன்றிவிட்ட மாணவனே நிலைத்து நிற்பான் என்னும் கோட்பாட்டை வகுத்தார். விடுதி மண்டபத்து நண்பர் வட்டத்தில் நள்ளிரவுவரை பாடம் பேசிய மாணவருக்கு அது புதிய செய்தியாக இருந்திருக்காது.

கொழும்பின் நிலை வேறு. நகரிற் பல்கலைக்கழகக் கல்வி வளர்ச்சியுற்று, 1967இல் இலங்கைப் பல்கலைக்கழகம், கொழும்பு எனத் தனி நிறுவனமாயிற்று. இங்கு கற்ற மாணவரிற் பெரும்பாலோர்க்கு நகரமே விடுதி. வடக்கிலும் கிழக்கிலும் மலையகத்திலுமிருந்து வந்த தமிழ் மாணவர் வெள்ளவத்தையில் உறவினர் வீட்டு விறாந்தையிலும், கொட்டாஞ்சேனையில் நால்வர் பகிர்ந்த அறையிலும், வாடகை சற்றுக் குறைந்த புறநகரிலும் தங்கினர். எண்ணெய்க் களஞ்சியங்களாற் பெயர்பெற்ற கொலன்னாவை அத்தகைய புறநகர்களுள் ஒன்று. தேர்ஸ்டன் வீதிக்கு அங்கிருந்து சில மைல் தூரமே. ஆயினும், பேருந்துக்குக் காத்திருந்து, நெரிசலிற் சென்று, மாலையிற் சிறுவர்க்குப் பாடஞ் சொல்லிக்கொடுத்து, இரவில் நூலைத் திறக்கும் மாணவனுக்கு அது நெடுந்தூரமாகும். களனி கங்கை பெருக்கெடுக்கும்போது தாழ்நிலமாகிய அப்பகுதியில் வெள்ளம் புகுவது வழமை. 2016 மே மாத வெள்ளம் அதனைப் பெரிதும் தாக்கியது. அத்தகைய வீடுகளிற் குறிப்பேடுகளை நனையாது காப்பதும் பட்டப்படிப்பின் ஒரு பகுதியே. இம்மாணவரின் தனிமையை ஓரளவு தணித்தவை பொது நிறுவனங்கள். கொட்டாஞ்சேனையை அடுத்து 1902இல் தோன்றிய விவேகானந்த சபையும், வெள்ளவத்தையிலுள்ள இராமகிருஷ்ண மிஷனும், 1942இல் நிறுவப்பெற்ற கொழும்புத் தமிழ்ச் சங்கமும் அதன் நூலகமும் நகரத்துத் தமிழ் இளைஞர் கூடவும் வாசிக்கவும் இடமளித்தன. பல்கலைக்கழகம் கட்டித்தராத வாசிப்பு மண்டபத்தைச் சமூகம் கட்டித்தந்தது எனலாம்.

மொழி திறந்த கதவு

1960ஆம் ஆண்டு சுயமொழியிற் கற்ற மாணவர் கலைப்பீடத்துட் புகுந்தனர். அதுவரை பட்டப்படிப்பின் மொழி ஆங்கிலமே. கிராமப் பாடசாலையில் தமிழிற் கற்ற மாணவன் பாடத்தை விளங்கிக்கொள்வதற்கு முன் மொழியோடு மல்லாட வேண்டியிருந்தது. தாய்மொழிக் கல்வி அச்சுமையை நீக்கிற்று. அரசகரும மொழித் திணைக்களம் கலைச்சொற் தொகுதிகளையும் மொழிபெயர்ப்பு நூல்களையும் வெளியிட்டது. க. கைலாசபதி, கா. சிவத்தம்பி போன்ற அறிஞர் ஆங்கிலத்தில் ஆய்வு செய்து தமிழில் விரிவுரையாற்றியும் எழுதியும் புதிய மாணவருக்குப் பாலமாயினர்.

ஆயினும், மொழி திறந்த கதவுக்கு அப்பால் நூலகம் ஆங்கிலத்திலேயே இருந்தது. விரிவுரைக் குறிப்பை மட்டும் நம்பும் பழக்கம் இதன் விளைவாக வளர்ந்தது. தமிழ்மொழி மூலம் கற்போர்க்கு நூல்கள் கிடைக்கும் அளவு, சித்தியின் அளவைத் தீர்மானிக்கும் ஒரு காரணியாக நீடித்தது. 1970களின் முற்பகுதியில் வந்த தரப்படுத்தல் தமிழ் மாணவரின் நுழைவைப் பெரிதும் பாதித்தமை யாவரும் அறிந்ததே; 1974இல் யாழ்ப்பாண வளாகம் கைலாசபதியின் தலைமையில் தொடங்கப்பட்டமையும் அக்காலப் பின்னணியிலேயே நோக்கற்பாலது. உள்வாரி அனுமதியின் வாயில் குறுகியபோது, வெளிவாரி வாயிலை நாடியோர் தொகை பெருகிற்று.

வெளிவாரி மாணவரும் திறந்த பல்கலைக்கழகமும்

ஒரு காலத்தில் இலண்டன் வகித்த இடத்தை இப்போது உள்நாட்டுப் பல்கலைக்கழகங்களின் வெளிவாரிப் பிரிவுகள் பெற்றன. எழுதுவினைஞர், ஆசிரியர், கடைச்சிப்பந்தி, குடும்பத்தலைவி என இவர்களது தொழில் பலவாகும். அலுவலகம் முடிந்து வெள்ளவத்தையிலோ கொட்டாஞ்சேனையிலோ தனியார் வகுப்பொன்றில் அமர்ந்து, தட்டச்சுப் பிரதிகளை விலைக்கு வாங்கிப் படித்தோர் பலர். பதிவு செய்வோர் பலர், முடிப்போர் சிலர் என்பது கல்வியாளர் நெடுங்காலமாகச் சுட்டிவரும் உண்மையாகும். இதனைச் சோம்பலுக்குச் சான்றாகக் கொள்வது நீதியன்று. அருணாசலம் 1906இல் இலண்டன் தேர்வு முறையிற் கண்ட குறையே இங்கு மீண்டும் தலைகாட்டிற்று. ஆசிரியரின்றி, உடன்கற்போரின்றி, உரிய வேளையில் ஐயம் தீர்ப்பாரின்றித் தேர்வு மட்டும் கொடுக்கப்பட்டது.

இக்குறையை நீக்க எடுக்கப்பட்ட முயற்சிகளுள் 1980இல் நிறுவப்பெற்ற இலங்கைத் திறந்த பல்கலைக்கழகம் குறிப்பிடத்தக்கது. அதன் தலைமையகம் கொலன்னாவைக்கு அண்மையிலுள்ள நாவலையில் அமைந்தது. கண்டி, மாத்தறை, யாழ்ப்பாணம் ஆகிய இடங்களிலும் அதன் நிலையங்கள் எழுந்தன. பாடநூல்கள் தனித்துக் கற்போருக்கெனவே எழுதப்படுகின்றன. ஒப்படைகளும் சந்திப்பு வகுப்புக்களும் உள. பட்டத்தை ஒரே மூச்சிற் பெறவேண்டிய கட்டாயமின்றிப் பாடம் பாடமாகச் சேர்த்துக்கொள்ளலாம். பாடசாலைக் கல்வியை முறையாக முடிக்காதவரும் அடித்தளக் கற்கைநெறி வழியாக மேலேற வாய்ப்புண்டு. விபுலாநந்தர் தாமே தேடி அமைத்துக்கொண்ட படிகளை இங்கு நிறுவனமே அமைத்துக் கொடுத்தது எனலாம்.

பொருளுதவித் துறையில் 1981இற் சட்டமாக்கப்பட்ட மகாபொல உயர்கல்விப் புலமைப்பரிசில் நம்பிக்கை நிதியம் ஒரு திருப்புமுனையாகும். மாதந்தோறும் கைக்கு வரும் தொகை சிறிதாயினும், அது தடையின்றி வருமாயின் அறை வாடகைக்கும் உணவுக்கும் மாணவன் பிறர் கையை எதிர்பாராதிருக்க உதவும். ஆனால், அது உள்வாரி மாணவருக்கே உரியது. உதவி மிகுதியாக வேண்டிய வெளிவாரி மாணவன் அதன் எல்லைக்கு அப்பாலே நிற்கின்றான்.

குலைந்த காலங்கள்

இதுவரை கூறப்பட்ட துணைகள் யாவற்றுக்கும் அடிப்படையானது ஒன்றுளது. அஞ்சாது ஓரிடத்தில் இருந்து கற்கும் நிலையே அது. 1983 யூலை வன்செயல்களின் பின் தென்னிலங்கைப் பல்கலைக்கழகங்களிற் கற்ற தமிழ் மாணவர் பலர் வகுப்பறைக்குத் திரும்ப இயலாதவராயினர். யாழ்ப்பாணத்துக்கு இடமாற்றம் கோரியோரும், நாட்டைவிட்டே நீங்கியோரும், படிப்பை அத்தோடு விட்டோரும் உளர். 1980களின் இறுதியில் தெற்கின் கிளர்ச்சியாலும் அடக்குமுறையாலும் அங்குள்ள பல்கலைக்கழகங்கள் நீண்டகாலம் மூடப்பட்டுக் கிடந்தன. இம்முறை சிங்கள மாணவரும் அதே இழப்பை அனுபவித்தனர். 1995 ஒக்டோபர் இறுதியில் வலிகாமத்து மக்கள் இடம்பெயர்ந்தபோது யாழ்ப்பாணப் பல்கலைக்கழகச் சமூகமும் அவர்களோடு நடந்தது.

கொழும்பிலே தங்கியிருந்த வடகிழக்குத் தமிழருக்கு பொலிஸ் பதிவும் சோதனைச் சாவடியும் அன்றாட வாழ்வாயின. 2007 யூன் 7ஆந் திகதி, வெள்ளவத்தை, கொட்டாஞ்சேனை முதலிய இடங்களின் விடுதிகளிலிருந்து தமிழர் நூற்றுக்கணக்கில் பேருந்துகளில் ஏற்றி நகரைவிட்டு அனுப்பப்பட்டனர். மறுநாள் உயர்நீதிமன்றம் அச்செயலை இடைநிறுத்திற்று. படுக்கும் இடம் நிலையற்றதாகும்போது பாடநூல் எங்கே விரிக்கப்படும் என்னும் வினாவுக்கு விடை வேண்டியதில்லை.

போரின் பின்னரும் இடையூறுகள் வேறு வடிவில் வந்தன. 2020இற் கொவிட்-19 நோய்ப்பரவலாற் பல்கலைக்கழகங்கள் மூடப்பட்டு விரிவுரைகள் இணையவழிக்கு மாறின. கைத்தொலைபேசிச் சமிக்ஞையும் தரவுக் கட்டணமும் புதிய தடைகளாயின. 2022இன் பொருளாதார நெருக்கடியில் எரிபொருளின்றிப் போக்குவரத்து நின்றபோது மூன்றாண்டுப் பட்டம் மேலும் நீண்டது. தாமதமான ஒவ்வோராண்டும் ஏழைக் குடும்பத்துக்கு ஓராண்டு வருமான இழப்பாகும். தாமதமே பலரை இடைநடுவில் நிறுத்தும் காரணமாவதும் உண்டு.

வரலாறு காட்டும் உண்மை

வட்டுக்கோட்டை முதல் நாவலை வரை நீளும் இவ்வரலாற்றைத் தொகுத்து நோக்குமிடத்துப் பட்டத்தை நிறைவு செய்விப்பன ஐந்து எனக் கொள்ளலாம். உண்ணவும் உறங்கவும் ஏற்ற உறைவிடமும் பொருளும் ஒன்று. அணுகத்தக்க ஆசிரியரும் உடன்கற்போரும் இரண்டு. விளங்கும் மொழியும் அம்மொழியிலே நூல்களும் மூன்று. எட்டக்கூடிய படிகளாக அமைந்த தேர்வு முறை நான்கு. இடையில் விழுந்தவன் மீண்டும் எழுந்து வரும் வழி ஐந்து. முதல் நான்கையும் வெவ்வேறு காலங்களில் வெவ்வேறு நிறுவனங்கள் ஓரளவு வழங்கியுள்ளன. ஐந்தாவதே இன்னும் மிகக் குறைவாகக் கிட்டுவது. கலவரத்தாலும் போராலும் வறுமையாலும் படிப்பை விட்டவர் பத்தாண்டின் பின் திரும்பி வருவாராயின், அவர் முன்பு பெற்ற சித்திகளை மதித்து ஏற்று, விட்ட இடத்திலிருந்து தொடர இடமளிக்கும் ஒழுங்கு பரவலாக வேண்டும். திறந்த பல்கலைக்கழகத்தின் முறை அதற்கொரு முன்மாதிரி. ஏனைய பல்கலைக்கழகங்களும் அதனைப் பின்பற்றுதல் கடினமன்று.

சமூகத்துக்கும் இதிற் பங்குண்டு. அமெரிக்க நாட்டின் முகமறியாக் கொடையாளர் ஈந்த பொருள் யாழ்ப்பாணத்து இளைஞரை வளர்த்தது. அவ்விளைஞருள் ஒருவராகிய தாமோதரம்பிள்ளை பின்னாளிற் கலித்தொகையைச் செல்லரித்த ஏட்டிலிருந்து மீட்டுத் தமிழுலகுக்கு அளித்தார். கொடுத்தவர் இதனை எதிர்பார்த்திருக்க முடியாது. கொலன்னாவையிலோ கொட்டாஞ்சேனையிலோ ஒரு மாணவனுக்கு வாடகையில்லாத அறையொன்றும் அமைதியான மேசையொன்றும் அளிப்பவரும் என்ன விளையுமென அறியார். ஆயினும் விளைவு உண்டு.

பட்டமளிப்பு விழா வேண்டுவதே. விழாவின்றிப் பட்டம் பெற்ற பழைய தலைமுறையினரின் குறையை நினைத்தால் அதன் அருமை விளங்கும். ஆனால், மண்டபத்திற் பெயர்கள் வாசிக்கப்படும்போது ஒரு பெயருக்கும் அடுத்த பெயருக்கும் இடையே கேட்கும் சிறு மௌனத்தில், வந்திருக்க வேண்டியும் வராத மாணவரின் பெயர்களும் அடங்கியுள்ளன. அம்மௌனம் ஆண்டுதோறும் குறைந்து வருகின்றதா என்பதைக் கொண்டே ஒரு பல்கலைக்கழகத்தின் பெருமையை அளத்தல் தகும்.